வட்டத்துக்குள் ஆர்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணியோடு பொழிலன் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று கோயம்புத்தூரில் அவர் படுத்திருந்த மருத்துவமனையின் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. அது தவறு. அன்று அவர் வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார்.

பேச்சு என்றால் வாயால் அல்ல. பதினான்கு மாதங்களுக்கு முன்பு மூளைத்தண்டில் வந்த பக்கவாதம் அவருடைய உடம்பு முழுவதையும் ஒரே மதியத்தில் பிடுங்கிக்கொண்டது. இமைகூட அசையாது. மூச்சைக் கருவி விட்டது, சாப்பாட்டைக் குழாய் கொடுத்தது. காதும் அறிவும் மட்டும் பழையபடி இருந்தன. மண்டையோட்டுக்கு அடியில் பொருத்தியிருந்த நாணயம் அளவு சில்லு, அவர் கையால் எழுதுவதுபோல மனதுக்குள் நினைக்கும் எழுத்துகளைப் பிடித்துக் கட்டிலருகே இருந்த கருவிக்கு அனுப்பும். கருவி அதைத் திரையில் காட்டி, அவருடைய பழைய குரலிலேயே வாசிக்கும். அந்தக் குரலை எப்போதோ அலுவலகத்தில் அவர் பேசிய ஒளிப்பதிவுகளிலிருந்து எடுத்திருந்தார்கள்.

அன்று காலை தலையணை கழுத்தை அழுத்தியது. 'தலையணையை இறக்கு' என்று எழுதினார். குரல் வரவில்லை. மறுபடி எழுதினார்.

"ஏனுங் மாமா, என்னமோ வருதே?" என்றாள் சுகந்தி. அவர் மனைவி. முப்பத்தொரு வருடத் தாம்பத்தியம். "ஒண்ணும் வெளங்கலீங்க."

'என்ன வருகிறது?' என்று எழுதினார்.

நல்லவேளையாக அவள் தானாகவே செவிலியிடம் சொன்னாள். "இங்க பாருங்க சிஸ்டர். தலைமேல கோடு இழுத்த சின்ன இங்கிலீஸ் ஏ வருது. அப்புறம் வட்டத்துக்குள்ள ஆர். அப்புறம் ஏதோ ஒரு குறி. மறுக்கா அதே ஏ, அதே வட்டத்துக்குள்ள ஆர். பக்கம் பூரா இப்புடித்தான்."

வட்டத்துக்குள் ஆர். பொழிலனுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

இருபத்தாறு வருடங்கள் அவர் செய்த வேலையே அதுதான். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் எழுதினார். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கும் முறை அது. இணையத்தில் அனுப்பும்போது தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று துண்டாகப் போகும். வாங்குகிற பக்கம் மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சேர்க்காமல் ஒவ்வொரு துண்டையும் தனி எழுத்து என்று நினைத்துவிட்டால், முதல் துண்டு கோடு இழுத்த ஏ ஆகும், இரண்டாவது பெரும்பாலும் வட்டத்துக்குள் ஆர் ஆகும். இரவில் கருவிக்கு ஏதோ புதிய மென்பொருள் பதிப்பு வந்து இறங்கியிருக்கிறது. யாரோ ஒருவர் ஒரு வரியை விட்டுவிட்டார். அந்த வரி எது, எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

'புதிய பதிப்புதான் காரணம். கம்பெனிக்குச் சொல்' என்று எழுதினார். கோடு இழுத்த ஏ. வட்டத்துக்குள் ஆர்.

முதல் மூன்று நாளும் அவர் பெரிதாகக் கலங்கவில்லை. யாராவது கவனிப்பார்கள், இரண்டொரு நாளில் சரியாகும் என்று இருந்தார். சனிக்கிழமை டாக்டர் பிரமிளா வந்தார். நிதானமானவர், நோயாளிக்குக் கேட்கும் என்ற நினைப்போடு பேசுகிற சிலரில் ஒருவர். கட்டிலருகே குனிந்து, "பொழிலன், உங்க பேரை எழுதுங்க. இது எந்த ஊர்? இது எந்த வருஷம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். டாக்டர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு குரல் கட்டிலைவிட்டு விலகிப் போனது.

"கம்பெனிக்கு ரெண்டு தடவை எழுதியாச்சும்மா. கருவியில கோளாறு இல்லைன்னு சோதிச்சுச் சொல்லியிருக்காங்க. இங்கயே இன்னும் ரெண்டு பேருக்கு இதே கருவி இருக்கு. அவங்க நல்லா எழுதுறாங்க."

அவர்கள் இருவரும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள் என்று பொழிலன் மனதுக்குள் கத்தினார். ஆங்கில எழுத்து ஒரே துண்டு. உடைவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவருக்கும் ஆங்கிலம் பழக்குவதாகச் சொன்னார்கள். இன்னும் மூன்று மாதப் பயிற்சி ஆகும் என்றதும், தமிழ் போதும் என்று அவர்தான் எழுதினார். எண்களைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

"அப்பறம் ஏனுங்க இப்புடி?" என்றாள் சுகந்தி.

"எழுத்து உள்ளேயே சிதையுதுன்னு நெனைக்கிறேன். ரெண்டாவதா ஒரு சின்ன அடைப்பு வந்திருக்கலாம். ஸ்கேன்ல எப்பவும் தெரியும்னு சொல்ல முடியாது. மூணு வாரம் பார்க்கலாம். அதுக்கப்புறம்..." டாக்டர் நிறுத்தினார். "அவரே எழுதிக் கொடுத்தது இருக்கு இல்லையா?"

இருந்தது. சில்லு வேலை செய்யத் தொடங்கிய முதல் வாரத்தில், இரண்டு மருத்துவர்கள் சாட்சியாக நிற்க, அவர் எழுதியது. 'அறிவு இருக்கும்வரை என்னை வைத்திருங்கள். அது போய்விட்டால் மூச்சுக்கருவியை எடுத்துவிடுங்கள்.' எழுதி முடித்தபோது தன்னை எண்ணி அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அந்த வாக்கியம் அவர்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று மதியம்தான் அவர் எழுத்துகளைக் கைவிட்டார். உடையாமல் போகக்கூடியது என்று அவரிடம் இரண்டே பொருள்கள் மிச்சம் இருந்தன: முற்றுப்புள்ளியும், சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியும். இரண்டும் ஒரே துண்டு. எந்தப் பக்கம் எப்படித் தவறாகப் படித்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

புள்ளியை மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும்? பொழிலன் யோசித்தார். பயிற்சிக் காலத்தில் எழுத்துகளைப் பெரிய கட்டத்தில் போட்டு வைத்திருந்தார்கள். ககர வரிசையில் தொடங்கிப் பதினெட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு எழுத்து. கண் திறக்காத அவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வரிசையும் இடமும் சொல்லி எழுத்தைச் சொல்வார். அவர் அதை மனதுக்குள் எழுத வேண்டும். ஆறு மாதம் அதே வேலை. எந்த எழுத்து எத்தனையாவது வரிசையில், எத்தனையாவது இடத்தில் என்பது அவருக்கு மனப்பாடம்.

மூன்று புள்ளி, இடைவெளி. ஐந்து புள்ளி, இடைவெளி. ஒரு புள்ளி. இடைவெளி. மூன்று புள்ளி. அதையே மறுபடியும். ஒரு புள்ளியை நினைத்து எழுத இரண்டு நொடி. சொல்லி முடிக்க அரை நிமிடம். காலை ஆறு மணிக்குச் செவிலி விளக்கைப் போடும் சத்தம் கேட்டதும் தொடங்குவார். களைத்துப்போகும்வரை எழுதுவார். களைப்பு தீர்ந்ததும் மறுபடி.

திங்கட்கிழமை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "எழுத்தே நின்னு போச்சா?" என்று கேட்டார்.

"சனிக்கிழமையிலிருந்து வெறும் புள்ளிதானுங்க மேடம்," என்றாள் செவிலி. "நாள் பூரா புள்ளி புள்ளியா ஓடுது."

டாக்டர் பெருமூச்சு விட்டது அவருக்குக் கேட்டது. "மூணு வாரம் வேண்டாம்னு தோணுது. மூச்சுக்கருவியை எடுக்கறதை முடிவு பண்ற குழுவை அடுத்த திங்கட்கிழமை கூட்டிடலாம்."

தப்பிக்கத் தோண்டிய குழியே தன்னை விழுங்குவதைப் பொழிலன் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். மூன்று. ஐந்து. ஒன்று. மூன்று.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை, டாக்டர் மூச்சுக்கருவியை எடுப்பதற்கான சம்மதத் தாளோடு வந்தார். சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அது தாளில் படும் சத்தம் வரவில்லை.

"யோசிச்சுச் செய்யுங்கம்மா. அவசரம் இல்லை."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க மேடம்," என்றாள் சுகந்தி. "ஒண்ணு சொல்லட்டுங்களா? யாருகிட்டயும் சொன்னதில்ல. இந்த ஒரு வருசத்துல நானும் இவரோட சேந்து இந்தக் கட்டல்ல கெடந்தாப்புடித்தான். சளி எடுக்கோணும், திருப்பிப் படுக்க வெக்கோணும், புண்ணு வந்துருச்சான்னு பாக்கோணும். இவரு பேச ஆரம்பிச்சப்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்பறம் பாத்தா, தலையணைய ஏத்து, எறக்கு, ஜன்னலச் சாத்து. எப்பப் பேசுனாலும் ஒரு வேலை. நீ சாப்ட்டயான்னு ஒரு நா எழுதலீங்க." நாற்காலியை முன்னுக்கு நகர்த்தினாள். "எழுத்து நின்னு போச்சுன்னு நீங்க சொன்னப்ப எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சுங்க. அத நெனச்சாத்தான் பயமா இருக்குது."

பேனா தாளில் உரசியது.

அவர்கள் போன பிறகு பொழிலன் புள்ளி வைப்பதை நிறுத்தினார். முழு எழுத்துகளில் எழுதத் தொடங்கினார். யாரும் படிக்க முடியாது என்று தெரிந்தே எழுதினார். தெரிந்ததால்தான் எழுதினார். உள்ளே தாழ் போட்டுக்கொண்ட அறைக்குள் கத்துவதுபோல இருந்தது அது. அவளைத் திட்டினார். முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறையும் வாயில் வராத சொற்களை எழுதினார். திருமணத்துக்கு முன்பே வேறொருத்தியைப் பெண் கேட்டிருந்ததை எழுதினார். சுகந்தியோடு வாழ்ந்தது ஒரு பழக்கம், வேறொன்றும் இல்லை என்று எழுதினார். அது உண்மையா என்று தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் எழுதினார். ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடியது. முடித்தபோது மார்பில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. எல்லாம் கோடு இழுத்த ஏக்களாகப் போய் எங்கோ கொட்டிக்கிடக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை விளக்கு போடும் சத்தம் கேட்டதும் மறுபடி புள்ளி வைத்தார். ஏன் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

சனிக்கிழமை மதியம் எழுத்துக் கருவியைக் கழற்ற ஷாகுல் அமீது வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒப்பந்தத்தில் பல மருத்துவமனைகளின் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். பயிற்சிக் காலத்தில் கட்டத்தைப் பார்த்து எழுத்துகளைச் சொன்னவரும் அவர்தான். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு அவருக்கு இங்கே வேலை இருக்கவில்லை. குரல் கேட்டதும் பொழிலனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கட்டிலருகே இருந்த இதயத்துடிப்புக் கருவி இரண்டு முறை கூடுதலாகக் கத்தியது. செவிலி வந்து அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனாள்.

"கேள்விப்பட்டேன் அக்கா. மனசே சரியில்ல," என்றார் ஷாகுல். "இது சேலத்துல இன்னொருத்தருக்குப் போகுது. உள்ள இருக்கறத அழிச்சுட்டு எடுத்துட்டுப் போயிடறேன். பத்து நிமிசம்."

"ஆகட்டுங்க."

மூன்று. ஐந்து. ஒன்று. மூன்று. பொழிலன் வேகமாக எழுதினார். பதற்றத்தில் ஒரு புள்ளி தவறியது. பல்லைக் கடிக்க முடிந்திருந்தால் கடித்திருப்பார். மறுபடி ஒழுங்காக எழுதினார்.

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"என்னக்கா இது, புள்ளியா இருக்கு?"

"அதுதானுங்க. ஒரு வாரமா."

"இல்லக்கா, இது..." ஷாகுல் தனக்குள் முணுமுணுத்தார். "மூணு, அஞ்சு, ஒண்ணு, மூணு. இங்கயும் மூணு, அஞ்சு, ஒண்ணு, மூணு. ஆயிரக்கணக்குல இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி. இரைச்சல்னா இப்படி வராதே. ஒரு தடவ மாதிரி இன்னொரு தடவ இருக்காது." நாற்காலி நகர்ந்தது. "ஏதாச்சும் வண்டி நம்பருங்களா?"

"எங்க வண்டி நம்பரு வேறயுங்க."

"பூட்டு நம்பரு?"

"தெரியலீங்களே."

பொழிலன் எழுதுவதை நிறுத்தவில்லை. ஷாகுலின் குரல் கட்டிலின் பக்கம் வந்தது. "மூணு, அஞ்சு," என்று மெதுவாகச் சொன்னது. பிறகு அதே குரல் பழைய பயிற்சி நாள்களின் தோரணையில், "மூணாவது வரிசை, அஞ்சாவது எழுத்து. சு," என்றது. "ஒண்ணாவது வரிசை, மூணாவது எழுத்து. கி." திரும்பினார். "சுகி. அக்கா, யாருங்க சுகி?"

அந்தப் பெயரில் சுகந்தியைக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். அவரும் கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

எதுவோ தரையில் விழுந்தது. பிறகு அவள் மூச்சு அவர் முகத்துக்கு மிக அருகில் வந்தது. "மாமா? கேக்குதுங்களா? கேட்டா ஒரே ஒரு புள்ளி வையுங்க. ஒண்ணு மட்டும்."

அவர் ஒரு புள்ளி வைத்தார். நிறுத்தினார். மேற்கொண்டு வைக்காமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது.

"ஒண்ணு," என்றார் ஷாகுல். "ஒண்ணுதான்க்கா."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் பிரமிளா ஓடி வந்தார். இருபது கேள்விகள் கேட்டார். இருபதுக்கும் புள்ளியில் பதில் வந்தது. கடைசியில், "என்னை மன்னிச்சிடுங்க பொழிலன்" என்றார். அதற்கு எத்தனை புள்ளி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமைக் குழு ரத்தானது. ஷாகுல் கம்பெனியோடு தொலைபேசியில் கத்திக்கொண்டே ஞாயிறு முழுவதும் அந்த அறையில் கழித்தார். திங்கள் காலை பத்து மணிக்குப் பழைய பதிப்பை ஏற்றினார்.

'ஈரத்துணியால் உதட்டைத் துடை' என்று பொழிலன் எழுதினார். பதினான்காம் நாளில் அவருடைய குரல் அறையில் ஒலித்தது. சுகந்தி சிரித்துக்கொண்டே அழுதாள்.

"என்னதான் ஆச்சுங்க?" என்று அவள் கேட்டாள்.

"தமிழ் எழுத்து மூணு மூணு துண்டா வரும்க்கா. புதுப் பதிப்பு அத ஒட்ட வைக்காம விட்டுருச்சு. அவ்ளோதான். சார் நல்லாத்தான் எழுதியிருக்காரு. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியல." ஷாகுலின் குரலில் உற்சாகம் ஏறியது. "ஒரு நல்ல விசயம் என்னன்னா, ஒரு எழுத்துகூட வீணாகல. துண்டு துண்டா அப்படியே பத்திரமா இருக்கு. ஒட்ட வெச்சாப் போதும். சார் இத்தன நாள் எழுதினது முழுசும் திரும்பி வந்துரும். இப்பவே பிரிண்ட் போட்டுத் தர்றேன்."

இதை எப்படி மறந்தார்? இருபத்தாறு வருடம் சோறு போட்ட உண்மை அது. உடைந்த எழுத்து அழிந்த எழுத்து அல்ல.

'வேண்டாம்' என்று எழுதினார். குரல் தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "வேண்டாம்" என்றது.

ஷாகுல் ஏதோ புரிந்தவராக, கீழே போய் டீ குடித்து வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

"ஏனுங்க வேண்டாம்?" என்றாள் சுகந்தி.

அவர் எதுவும் எழுதவில்லை.

அவள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "புதங்கெழம நான் மேடத்துகிட்டச் சொன்னது, உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?" என்றாள்.

இல்லை என்று எழுதலாம். இரண்டே எழுத்தில் சொல்ல முடிகிற பொய்யாக இருந்தால் எழுதியிருப்பாரோ என்னவோ. 'கேட்டது' என்று எழுதினார்.

"எல்லாமுங்களா?"

'எல்லாம்.'

நாற்காலி மெல்ல முனகியது. "அப்ப நானும் படிக்கோணும்," என்றாள் அவள். "நீங்க கேட்டுட்டீங்க. நான் படிக்காம இருந்தா நாயமில்லைங்க."

அவர் எழுதினார். 'படி.'

ஷாகுல் கொண்டுவந்து கொடுத்தது நாற்பது பக்கம் இருக்கும். அவள் சத்தமில்லாமல் படித்தாள். தாள் புரளும் ஓசையை வைத்து அவர் கணக்குப் போட்டார். முதல் நாள், இரண்டாம் நாள். சனிக்கிழமைக்குப் பின் புள்ளிகள், அவற்றை அவள் வேகமாகப் புரட்டினாள். பிறகு ஓசை நின்றது. புதன்கிழமைக்கு வந்துவிட்டாள். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க முடியாது. எழுந்து போய்விடவும் முடியாது. காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. சிறையிலிருந்து வெளியே வந்தவர் இன்னொரு சிறையில் படுத்திருந்தார்.

ஒரு பக்கம் புரண்டது. இன்னொன்று.

"கடைசி வரி," என்றாள் சுகந்தி. அழவில்லை. "'போதும் சுகந்தி'ன்னு எழுதியிருக்கீங்க. இத்தன திட்டிப்போட்டு, கடைசியில போதும்னு. யாருக்குப் போதும்? என்னயப் போதும்னு சொல்றீங்களா, நான் செஞ்சது போதும்ங்கறீங்களா, இல்ல நீங்க இருந்தது போதும்ங்கறீங்களா? எழுத்தெல்லாம் நல்லாத்தான் தெரியுது. இது மட்டும் வெளங்கலீங்க மாமா."

அப்படி ஒரு வரியை எழுதியது அவருக்கே நினைவில் இல்லை. அந்தப் புதன்கிழமைக்குள் திரும்பிப் போய்ப் பார்த்தார். கோபத்தின் அடியில், களைப்பின் அடியில், அந்தச் சொல் எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்று தேடினார்.

'அன்றைக்கு மூன்றும்தான்' என்று எழுதினார். குரல் வாசித்தது. அவர் தொடர்ந்தார். ஒவ்வோர் எழுத்தும் நேரம் பிடித்தது. 'இன்றைக்கு நடுவில் உள்ளது மட்டும். நீ செய்தது போதும். ஆள் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போ.'

"கோவமாச் சொல்றீங்களா?"

'இல்லை.'

அவள் உடனே எழவில்லை. தாள்களை அடுக்கினாள். அவற்றைக் கிழிக்கவில்லை, அங்கே விட்டுவிட்டும் போகவில்லை. பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அவர் உதட்டை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தாள். வெளியே போய்ச் செவிலியிடம் ஆள் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

"நாளைக்கு வர மாட்டனுங்க," என்றாள் வாசலில் நின்று. "நாளன்னிக்கும் சொல்ல முடியாது. படிச்சது செரிக்கோணும். வர்றப்ப வர்றேன்."

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் நீண்டு போனது. லிஃப்ட் கதவு திறந்து மூடியது. அறையில் மூச்சுக்கருவியைத் தவிர வேறு ஓசை இல்லை.

பொழிலன் ஓர் எழுத்தை எழுதினார். பிறகு இன்னொன்று.

"சரி," என்றது அவருடைய குரல், யாரும் இல்லாத அறையில்.